லேயா ஆர்கனாவின் பதினாறாம் வயது: நாவலை முதலில் கொடுப்பதா, படத்தை முதலில் காட்டுவதா?

சித்தூர்ப்புழை எழுதியது:

ஜூன் 19 வாசிப்பு தினம் நெருங்குகிறது. அந்த வாரத்தில் எங்கள் வாயனசாலையில் (நூலகத்தில்) பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு நூலைப் பற்றிப் பேசுவது வழக்கம் என்பது கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து நண்பர்களுக்குத் தெரியும். இம்முறை தமிழ் நூலோடு எளிய ஆங்கிலத்தில் அமைந்த ஓர் இளையோர் நாவலையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று குழுவில் முடிவாயிற்று. பிள்ளைகளிடமே கேட்டபோது விண்வெளிக் கதைதான் வேண்டும் என்றார்கள். அப்படித்தான் கிளாடியா கிரே எழுதி 2017 செப்டம்பரில் வெளிவந்த 'லேயா, பிரின்சஸ் ஆஃப் ஆல்டரான்' எங்கள் மேசைக்கு வந்தது.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடிவு வரை பேசப்போகிறோம் என்பதால், தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆல்டரான் என்ற கோளின் இளவரசி லேயா, பதினாறு வயது நிறைந்ததும் அவை நடுவே அரியணைக்கான தன் உரிமையைக் கோருகிறாள். அந்நாட்டு வழக்கப்படி அவள் உடல், அறிவு, இதயம் ஆகிய மூன்று வகைச் சோதனைகளைத் தானே தேர்ந்தெடுத்து முடிக்க வேண்டும். உடலுக்கு மலையேற்றமும் காட்டு வழிப் பயிற்சியும், அறிவுக்கு, விண்மீன் மண்டலத்தையே அடக்கி ஆளும் பேரரசின் இளையோர் சட்டமன்றமும், இதயத்துக்கு நலிந்த கோள்களுக்கான நிவாரணப் பயணங்களும் என்று தேர்ந்துகொள்கிறாள். இதே நேரத்தில் தாய் ப்ரெஹாவும் தந்தை பெய்லும் அவளிடமிருந்து விலகிப்போகிறார்கள். ஓயாத விருந்துகள், மூடிய அறைகள், பாதியில் நிற்கும் பேச்சுகள். பெற்றோர் தன்னை வெறுத்துவிட்டார்களோ என்று மருகும் அந்தப் பெண், அவர்கள் பேரரசுக்கு எதிரான கிளர்ச்சியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் க்ரெய்ட் என்ற ஆளற்ற கோளில், கிளர்ச்சிக்காரர்களின் பிடியிலேயே சிக்கித் தெரிந்துகொள்கிறாள்.

என் கேள்வி இதுதான். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் 1977ஆம் ஆண்டின் முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தைப் பார்த்ததில்லை. நாவல் அந்தப் படத்துக்கு மூன்று ஆண்டுகள் முந்தைய காலத்தில் நடக்கிறது. படத்தைக் காட்டிவிட்டு நூலைக் கொடுப்பதா, நூலைப் படிக்கவைத்துவிட்டுப் படத்தைப் போடுவதா? நான் படத்தை முதலில் காட்டும் பக்கம் சாய்ந்திருக்கிறேன். ஆனால் உறுதியாக இல்லை.

---

வாளையார் கேட் எழுதியது:

சித்தூர்ப்புழை அண்ணா, சாய்ந்த பக்கமே சாயுங்கள். படம் தெரியாமல் இந்த நாவலைப் படிப்பவருக்குப் பாதி நாவல்தான் கிடைக்கும்.

ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அரண்மனையில் கிளர்ச்சித் தலைவர்கள் கூடியிருக்கும் விருந்து நடக்கும்போது, முன்னறிவிப்பில்லாமல் பேரரசின் மூத்த ஆளுநரான கிராண்ட் மோஃப் டார்கின் வந்து நிற்கிறார். வந்தவருக்குச் சந்தேகம் எழாமலிருக்க, விருந்தாளி முன் நடக்கக்கூடாத ஒரு குடும்பச் சண்டையை அந்த வீட்டார் அரங்கேற்றுகிறார்கள். இவர்கள் தங்கள் வீட்டுச் சில்லறைப் பூசல்களில் மூழ்கிக் கிடக்கும் பெரிய மனிதர்கள், இவர்களால் பேரரசுக்கு ஆபத்து வராது என்று டார்கின் எண்ணிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். லேயாவும் குறிப்பறிந்து அதில் கலந்துகொள்கிறாள். படம் பார்க்காத பிள்ளைக்கு இது நல்ல நகைச்சுவைக் காட்சி, அவ்வளவே. படம் பார்த்த பிள்ளைக்கோ அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் மனிதர் யார் என்று தெரியும். மூன்று ஆண்டுகள் கழித்து இதே லேயாவைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு, இதே வீட்டையும், லேயாவின் பெற்றோரையும், அந்தக் கோளையே மொத்தமாகவும் அழிக்க ஆணையிடப்போகிறவர் அவர்தான். அப்படித் தெரிந்து படிக்கும்போது சிரிப்பு வரும் இடத்திலெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

நாவலாசிரியை இதைத் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். ஆல்டரானின் பனிமலைகளைப் பற்றி, அரண்மனைத் தோட்டத்தைப் பற்றி அவர் எழுதும் ஒவ்வொரு வரியும் வாசகருக்கு முன்கூட்டியே முடிவு தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 'தி லாஸ்ட் ஜெடாய்' படத்தில் வரும் க்ரெய்ட் கோளையும், துணைத்தளபதியாகி உயிரைக் கொடுக்கும் அமிலின் ஹோல்டோவையும் இங்கே இளவயதிலேயே காட்டியிருப்பதும் அந்த ஏற்பாட்டின் பகுதிதான். இங்கே ஹோல்டோ யாருக்கும் பிடிபடாத, சோதிடம் பேசும், விதவிதமாக உடுத்தும் வகுப்புத் தோழி. பின்னால் என்னவாகப்போகிறாள் என்று தெரியாதவருக்கு அவள் வெறும் கோமாளியாகத் தெரிந்துவிடுவாள்.

---

மாட்டுப்பட்டி வாசகி எழுதியது:

படமா நூலா என்ற கேள்விக்குள் நான் இப்போது போகவில்லை. எது முதலில் என்பதைவிட, இந்த நூலை வைத்துப் பிள்ளைகளிடம் என்ன பேசப்போகிறோம் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வோபானிப் பகுதியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பேரரசு கசக்கிப் பிழிந்துவிட்ட ஏழைக் கோள் அது. 2016இல் வந்த 'ரோக் ஒன்' படத்தில் நாயகி ஜின் எர்சோ அடைபட்டிருக்கும் தொழிலாளர் முகாமும் வோபானியில்தான் இருக்கிறது. லேயா உணவும் மருந்தும் கொண்டு அங்கே இறங்குகிறாள். மக்கள் தங்களைக் கூட்டிச்செல்லும்படி கெஞ்சுகிறார்கள். அகதிகளை ஏற்ற அனுமதியில்லை என்று அதிகாரி சொல்கிறார். உடனே சட்டத்தில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து, நூறு பேரைத் தன் கப்பலின் பணியாளர்களாக நியமித்து ஏற்றிக்கொண்டு போகிறாள். படிக்கும்போது கைதட்டத் தோன்றுகிறது. வீட்டுக்கு வந்ததும் தந்தை பாராட்டவில்லை. அவள் செய்த காரியம், அவளுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்த வேறொரு முயற்சியைக் குலைத்துவிட்டது என்பது பின்னர்தான் புரிகிறது. நல்ல மனம் மட்டும் போதாது என்று இளையோருக்குச் சொல்லும் துணிவு இந்த நாவலுக்கு இருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த நூறு பேர் எங்கே? கப்பலில் ஏறிய பிறகு அவர்கள் கதையிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிடுகிறார்கள். நிவாரணம் தருபவளின் மனப்போராட்டம் பல பக்கங்களுக்கு நீள்கிறது. பெறுபவர்களுக்குப் பெயர்கூட மிஞ்சுவதில்லை. நான் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் இது என் கண்ணில் உறுத்துகிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் எங்கள் அம்மாக்களும் அத்தைமார்களும் இருபது சதவீத போனஸும் கூலி உயர்வும் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தபோது, தொழிற்சங்கத் தலைவர்களையும் அரசியல்வாதிகளையும் கிட்டே நெருங்கவிடவில்லை. பெம்பிளை ஒருமை என்று பின்னால் அறியப்பட்ட அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அன்றைய நாட்கூலி 232 ரூபாய். தங்களுக்காகப் பேச வந்தவர்களை "நாங்களே பேசிக்கொள்கிறோம்" என்று ஒதுக்கிவைத்தவர்களைக் கண்ணால் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் எங்கள் பக்கத்தில் இந்த நாவலைப் படிக்கப்போகிறார்கள். கிளர்ச்சி என்பது அரண்மனை விருந்தில் தொடங்கி அரண்மனைப் பெண்ணிடம் வந்து சேரும் ஒன்று என்று அவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

---

செங்கோட்டைப் பாசஞ்சர் எழுதியது:

தங்கை மாட்டுப்பட்டி வாசகி சொன்னதை வழிமொழிகிறேன். கூடவே ஒரு சின்னச் செய்தி. லேயா ஆல்டரானின் பெற்ற மகள் அல்லள், தத்து மகள். அவளைப் பெற்ற பத்மே அமிடாலா நபூ கோளில் தேர்தல் வழியே அரசியானவர். 1999ஆம் ஆண்டுப் படத்தில் அவருக்கு வயது பதினான்கு. தேர்தலில் வந்த அரசிக்குப் பிறந்தவள் பரம்பரை அரியணையைக் கோருகிறாள் என்ற முரணை நாவல் தொட்டும் தொடாமலும் விட்டுவிடுகிறது. நபூவின் நிலவான ஓனோமில், முன்பு பத்மேயை அறிந்திருந்த பேரரசின் ஆளுநர் மோஃப் பனாக்கா அவள் முகத்தில் பத்மேயின் சாயலைக் கண்டுகொள்ளும் காட்சி ஒன்றுதான் விதிவிலக்கு. சற்று நேரத்தில், தீவிரக் கிளர்ச்சிக்காரர் சா கெரேராவின் ஆட்கள் வைத்த குண்டில் பனாக்கா இறந்துபோகிறார். ரகசியம் அவரோடு போய்விடுகிறது. கதாசிரியைக்கு வசதியான சாவு என்று எனக்குப் பட்டது.

தத்து மகள் எப்படி அரியணை ஏறலாம் என்று வேறு ஊர்ப் பிள்ளைகள் கேட்கக்கூடும். திருவிதாங்கூர்ப் பக்கம் வளர்ந்தவர்கள் கேட்க மாட்டார்கள். 1900இல் மாவேலிக்கரையிலிருந்து தத்தெடுக்கப்பட்ட சேது லட்சுமி பாய்தான் 1924 முதல் 1931 வரை அங்கே ஆட்சிப் பொறுப்பில் இருந்தார்.

---

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

வாளையார் தம்பியின் வாதத்தை மறுப்பதற்காகவே எழுதுகிறேன். நூலை முதலில் கொடுங்கள். படத்தைப் பிறகு காட்டுங்கள்.

1977 படத்தில் ஆல்டரான் என்பது என்ன? சன்னலுக்கு வெளியே தெரியும் ஒரு நீல உருண்டை. டார்கின் கிளர்ச்சித் தளம் எங்கே என்று கேட்கிறார். லேயா டாண்டூயின் என்று பொய் சொல்கிறாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டே சுடச் சொல்கிறார். உருண்டை வெடிக்கிறது. அதன்பின் அந்தப் பெண்ணுக்கு அழுவதற்குப் படம் நேரம் தரவில்லை. சிறைமீட்பும் துப்பாக்கிச் சண்டையும் கேலிப் பேச்சும் வந்துவிடுகின்றன. தாயையும் தந்தையையும் ஊரையும் ஒரே கணத்தில் இழந்த பத்தொன்பது வயதுப் பெண், வேறொரு முதியவரை இழந்த பையனின் தோளில் போர்வை போர்த்தி ஆறுதல் சொல்கிறாள். படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடம் ஒப்புவதில்லை. நாற்பது ஆண்டுகளாகத் தொக்கி நின்ற அந்தத் துக்கத்தை ஈடுசெய்வதுதான் இந்த நாவல் செய்திருக்கும் பெரிய வேலை என்பது என் எண்ணம். அழிந்ததன் பிறகு அழவைக்கவில்லை. அழியப்போவது இன்னது என்று முன்கூட்டி நமக்குக் காட்டி, அதன்மேல் நாம் ஆசை வைக்கும்படி செய்துவிடுகிறது.

தாய் ப்ரெஹாவை நினைத்துப்பாருங்கள். அவரும் தம் இளமையில் ஆப்பென்சா சிகரத்தில் ஏறியவர். அங்கே விழுந்து, நுரையீரலும் இதயமும் சிதைந்து, மார்பில் பொருத்திய செயற்கைக் கருவிகளால் உயிர்வாழ்பவர். அவை ஒளிர்கின்றன. அந்தச் சிகரத்தையே மகள் தன் உடற்சோதனைக்குத் தேர்ந்தெடுக்கிறாள், தாய் தடுக்கவில்லை. மகளைப் போருக்கு அனுப்பலாமா கூடாதா என்று கணவனும் மனைவியும் பின்னால் தவிக்கும் பக்கங்களுக்கெல்லாம் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இப்படி ஒரு தாயை அறிந்துகொண்ட பிள்ளை, அதன்பின் திரையில் அந்த நீல உருண்டையைப் பார்க்கட்டும். அப்போது தெரியும், எந்த வரிசை நல்லது என்று.

இன்னொன்று. என்னுடைய நூல் பிரதி வகுப்பில் சுற்றி வந்தது. லேயாவின் காதலன் கியர் டொமாடி கிளர்ச்சியை எதிர்த்துப் பேசும் ஒரு பக்கத்தின் ஓரத்தில் யாரோ ஒரு மாணவி மெல்லிய பென்சிலில், "இவன் சொல்வது சரிதானே மிஸ்?" என்று எழுதிவைத்திருக்கிறாள். முடிவு தெரியாதவளால் மட்டுமே கேட்கக்கூடிய நேர்மையான கேள்வி அது. படம் பார்த்துவிட்டு வருபவளுக்கு விடை முன்பே கையில் இருந்துவிடும்; கேள்வி பிறக்கவே பிறக்காது.

---

வாளையார் கேட் எழுதியது:

டீச்சர், கியர் பெயரை எடுத்தீர்கள். அங்கேதான் என் பக்கம் இன்னும் வலுக்கிறது. மற்றவர்களுக்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கியர், லேயாவோடு பயிற்சி வகுப்பில் சேரும் ஆல்டரான் இளைஞன். அவளுடைய முதல் காதல். பேரரசை அவன் விரும்புபவன் அல்லன். கொடுங்கோன்மை என்று தெரிந்தவன்தான். ஆனால் ஆல்டரான் அமைதியான நாடு, படை இல்லாத நாடு, அரச குடும்பம் மறைவில் செய்யும் காரியத்துக்கான தண்டனை ஒன்றும் அறியாத கோடிக்கணக்கான மக்களின் தலையில் விழும் என்று அஞ்சுகிறான். முதலில் நம் வீட்டைக் காப்போம் என்பது அவன் கட்சி. பாக்ரிஸ் என்ற இடத்தில் திரண்டு நிற்கும் கிளர்ச்சிக் கப்பற்படையைப் பற்றித் தெரிந்துகொண்டபோது, ஆல்டரானைக் காப்பாற்றும் எண்ணத்தில் அந்தச் செய்தியைப் பேரரசிடம் சேர்க்கும் அளவுக்குப் போகிறான். முடியாமல், லேயாவின் கைகளிலேயே உயிர் விடுகிறான். அவன் எடுத்துவைத்திருந்த பதிவை அவள் அழிக்கிறாள்.

சாதாரண இளையோர் நாவலாக இருந்தால் இவன் துரோகி என்று முத்திரை குத்தப்பட்டிருப்பான். அல்லது கடைசியில் மனம் மாறி, தான் நினைத்தது பிழை என்று சொல்லிச் செத்திருப்பான். இங்கே அப்படி நடக்கவில்லை. அவன் அஞ்சியதெல்லாம் மூன்று ஆண்டுகளில் அப்படியே நடந்துவிடுகிறது! ஆல்டரான் அழிந்தது லேயா கிளர்ச்சியில் இருந்ததால்தான். அவனுடைய வாதத்தை நாவலுக்குள் யாரும் வெல்லவில்லை. வரலாறு அவன் பக்கம் சாட்சி சொல்கிறது. ஆனாலும் நாம் லேயாவின் பக்கமே நிற்கிறோம். ஏன் நிற்கிறோம் என்று வாசகர் தாமே பதில் தேடவேண்டியிருக்கிறது. படம் தெரியாதவருக்கு இந்த நெருக்கடியே கிடையாது. காதலன் தவறான வழியில் போய் இறந்தான், நாயகி துக்கத்தை விழுங்கிக்கொண்டு போராட்டத்தில் உறுதியானாள் என்று சுலபமாக மூடிவைத்துவிடலாம். மாணவி எழுதிய கேள்வி நல்ல கேள்விதான் டீச்சர். ஆனால் படம் பார்த்தவளாக இருந்திருந்தால் "இவன் சொன்னது சரியாகிவிட்டதே, இப்போது என்ன செய்வது?" என்று எழுதியிருப்பாள். எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது.

---

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

இரண்டாவது கேள்வியை எழுப்புவதற்கு முதல் கேள்வியை ஏன் பறிக்க வேண்டும் தம்பி? நூலை முடித்து, கியரை ஒதுக்கிவைத்துவிட்டு லேயாவின் பக்கம் வந்து சேர்ந்த பிள்ளை, ஒரு வாரம் கழித்துப் படத்தில் ஆல்டரான் வெடிப்பதைப் பார்க்கும்போது உன்னுடைய இரண்டாவது கேள்வி தானாக வந்து முன்னால் நிற்கும். அப்போது அவள் வெறும் பார்வையாளர் அல்லள். கியருக்கு எதிராக வாக்களித்தவள். அந்தக் கணக்கை அவளே தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். என் வரிசையில் இரண்டு கேள்விகளும் கிடைக்கின்றன; உன் வரிசையில் ஒன்றுதான்.

---

செங்கோட்டைப் பாசஞ்சர் எழுதியது:

டீச்சரம்மா சொல்வது நியாயமாகப் படுகிறது. இருந்தாலும் நான் வேறு ஒன்றைச் சொல்ல வந்தேன். இந்த நாவலைப் பற்றித் தமிழில் யார் பேசத் தொடங்கினாலும் வேலு நாச்சியாரை இழுத்து வந்துவிடுகிறார்கள். அரசி, கிளர்ச்சி, வாள் என்று மூன்று சேர்ந்தால் போதும். இந்த ஒப்புமை பொருந்தாது.

வேலு நாச்சியார் 1772இல் காளையார்கோவிலில் கணவரையும் நாட்டையும் இழந்த பிறகு போராடியவர். விருப்பாட்சியில் தங்கி, ஹைதர் அலியின் உதவியைப் பெற்று, 1780இல் சிவகங்கையை மீட்டவர். அவர் இழந்ததைத் திரும்பக் கேட்டார். லேயா இன்னும் எதையும் இழக்கவில்லை. அரியணை அவளுக்காகக் காத்திருக்கிறது. செனட்டில் தந்தைக்கு இடம் இருக்கிறது. அவள் பேரரசின் ஒழுங்குக்குள் சுகமாக வாழும் குடும்பத்துப் பெண். தன் வசதிக்கே குழிதோண்டும் வேலையைத்தான் அவள் தேர்ந்தெடுக்கிறாள். அது வேறு வகைத் துணிவு. கூடவே வேறு வகைக் குற்றவுணர்ச்சியும் அதற்கு உண்டு. பேரரசின் இளையோர் சட்டமன்றத்தில் உட்கார்ந்து, தாங்கள் எடுக்கும் முடிவுகளுக்கு உண்மையில் எந்த எடையும் இல்லை என்று அவள் உணரத்தொடங்கும் பகுதிகள், சண்டைக் காட்சிகளைவிட எனக்குப் பிடித்திருந்தன. நான் நெடுங்காலம் அரசு வேலையில் கோப்பு நகர்த்தியவன் என்பதால் இருக்கலாம்.

ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் வேலு நாச்சியாரோடு வேண்டாம், அவருடைய மகள் வெள்ளச்சி நாச்சியாரோடு ஒப்பிடுங்கள். தாயோடு தப்பிச்சென்ற சிறு பெண். தலைமறைவிலேயே வளர்ந்து பெரியவளானவள். அந்த எட்டு ஆண்டுகளில் அவள் என்ன கேட்டாள், எதை அவளிடம் மறைத்தார்கள், கூட்டம் நடக்கும் அறையிலிருந்து அவளை எப்போது வெளியே அனுப்பினார்கள், எப்போது உள்ளே உட்காரச் சொன்னார்கள் என்பதையெல்லாம் நம் வரலாற்று நூல்கள் சொல்வதில்லை. தாயின் போரைச் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. கிளாடியா கிரே எழுதியிருப்பது அப்படி ஒரு மகளின் பக்கத்திலிருந்து. நம்மிடம் அந்த நாவல் இன்னும் எழுதப்படவில்லை என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னால், நூறு பேரில் ஒருத்தியாவது எழுத உட்காரக்கூடும்.

---

மாட்டுப்பட்டி வாசகி எழுதியது:

அண்ணாச்சி, வெள்ளச்சி நாச்சியாரைப் பற்றிச் சொன்னது மனதில் நிற்கிறது. அதே அளவுகோலை நான் வோபானியின் நூறு பேருக்கும் பிடிக்கிறேன். மகளின் பக்கத்திலிருந்து எழுதப்படாத கதை குறை என்றால், ஏற்றிச் செல்லப்பட்டவளின் பக்கத்திலிருந்து எழுதப்படாததும் குறைதானே?

கியரைப் பற்றி இருவரும் பேசியதையும் படித்தேன். அதிலும் ஒரு சிறிய உறுத்தல். கியரும் லேயாவும் கோடிக்கணக்கான ஆல்டரான் மக்களுக்காக வாதாடுகிறார்கள். ஒருவன் அவர்களை அமைதியில் வைத்திருக்க விரும்புகிறான். மற்றவள் அவர்களை நீதியின் பக்கம் நிறுத்த விரும்புகிறாள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, கேட்டால் ரகசியம் போய்விடும். கிளர்ச்சி மறைவில் நடந்தாக வேண்டும், மறைவில் நடந்தால் மக்களைக் கேட்க முடியாது என்ற இந்தச் சிக்கல் நாவலில் இருக்கிறது. ஆனால் எந்தப் பாத்திரமும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ப்ரெஹாவாவது சொல்லியிருக்கலாம். அரசி அவர், தம் குடிமக்களின் உயிரைப் பணயம் வைக்கும் முடிவை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்தவர்.

இது நூலைக் குறைத்துச் சொல்வதற்காக அல்ல. இதே ஆசிரியை 2015இல் எழுதிய 'லாஸ்ட் ஸ்டார்ஸ்' நாவலில், பேரரசின் படைக்கல்லூரியில் சேரும் மேட்டுக்குடிப் பையனையும் எளிய குடும்பத்துப் பெண்ணையும் வைத்துக்கொண்டு, நல்லவர்கள் ஏன் கெட்ட அரசுக்கு வேலை செய்கிறார்கள் என்பதைக் கீழிருந்து காட்டியவர். அவரால் முடியும். இந்த நாவலில் அரண்மனைக்குள்ளேயே நின்றுவிட்டார் என்பதுதான் என் மனக்குறை.

---

சித்தூர்ப்புழை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வரிசை விஷயத்தில் டீச்சரின் வாதம் என்னை மாற்றிவிட்டது. முதலில் நூல், பிறகு படம். நூல் முழுவதையும் ஒரு வாரத்தில் எல்லாரும் படித்து முடிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது என்பதால், பிரதிகளை முன்னதாகவே கொடுத்துவிட்டு, வாசிப்பு வாரத்தில் வோபானி, டார்கின் விருந்து, க்ரெய்ட், கியரின் முடிவு ஆகிய நான்கு பகுதிகளை மட்டும் கூட்டாக வாசிக்கலாம் என்றிருக்கிறேன். ஆங்கிலத்தில் திணறும் பிள்ளைகளுக்கு அந்தப் பகுதிகளைத் தமிழில் வாய்மொழியாகச் சொல்ல டீச்சர் ஒப்புக்கொண்டிருக்கிறார். படத்தை வார இறுதியில் வாயனசாலைக் கூடத்திலேயே போட்டுவிடுவோம். இரண்டு மணி நேரப் படம்தான்.

ஒரே சிக்கல், ஏற்கெனவே படம் பார்த்துவிட்ட பையன்கள். ஆல்டரான் வெடித்துவிடும் என்று முதல் நாளே கத்திவிடுவார்கள். அவர்களை என்ன செய்வது?

---

வாளையார் கேட் எழுதியது:

தோற்றவன் என்ற முறையில் ஒரு யோசனை சொல்கிறேன். அந்தப் பையன்களைத் தனிக் குழுவாகப் பிரித்துவிடுங்கள். அவர்கள் என் வரிசையில் படித்தவர்கள். மற்றவர்கள் டீச்சரின் வரிசையில். கியர் பகுதியை இரண்டு குழுக்களும் தனித்தனியாகப் பேசட்டும். படம் முடிந்த பிறகு சேர்ந்து உட்காரவையுங்கள். யார் எந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்பதைக் குறித்து இங்கே போட்டால், டீச்சரோடு மீண்டும் ஒரு சுற்றுக்கு நான் தயார்.

---

மாட்டுப்பட்டி வாசகி எழுதியது:

வோபானிப் பகுதியை வாசிக்கும் நாளில் நான் கீழே இறங்கி வருகிறேன். எழுத்துப்பயிற்சி ஒன்று கொடுக்க அனுமதி வேண்டும்: கப்பலில் ஏற்றப்பட்ட நூறு பேரில் ஒருவரும், இடமில்லை என்று கரையிலேயே விடப்பட்ட ஒருவரும் அன்றிரவு லேயாவைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று ஆளுக்கு ஒரு பக்கம். தாள்களை நானே கொண்டுவருகிறேன். பேனா மட்டும் பிள்ளைகள் எடுத்துவரட்டும்.